வேண்டுமா, வேண்டாமா? - பிஸிபாக்ஸ் என்ற குட்டிப் பெட்டியின் கதை

வீட்டு மூலையில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு கிடக்கும் இணைய ரவுட்டர் வெறும் பெட்டி இல்லை. அதுவும் ஒரு கம்ப்யூட்டர்தான். பிராசஸர் உண்டு, நினைவகம் உண்டு, பெரும்பாலான மாடல்களில் உள்ளே லினக்ஸும் உண்டு. ஆனால் லினக்ஸ் கர்னல் மட்டும் இருந்தால் போதாது. கோப்புகளைப் பட்டியல் போட ஒரு கருவி, நகலெடுக்க ஒரு கருவி, தேட ஒன்று, அழிக்க ஒன்று, கட்டளைகளை வாங்கிக்கொள்ள ஒரு ஷெல் என்று யூனிக்ஸ் குடும்பத்துக்கே உரிய சில்லறைச் சாமான்கள் நிறைய வேண்டும். மேசைக் கணினியில் இவை ஒவ்வொன்றும் தனித்தனிப் புரோகிராம். ரவுட்டரில் அதற்கெல்லாம் இடம் கிடையாது. அங்கே இத்தனை வேலையையும் ஒரே ஒரு புரோகிராம் பார்க்கிறது. அதன் பெயர் பிஸிபாக்ஸ்.

பிஸிபாக்ஸை ஒரு பெட்டிக்குள் வைப்பதற்கு முன்னால் யாரோ ஒருவர் ஒரு நீளமான கேள்வித்தாளுக்குப் பதில் எழுதியிருக்கிறார். நூற்றுக்கணக்கான கேள்விகள். எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் ஒரே மாதிரி பதில்: வேண்டும் அல்லது வேண்டாம். பெட்டியைக் காசு கொடுத்து வாங்கியவர் அந்தக் கேள்வித்தாளைப் பார்த்திருக்கவே மாட்டார். பிஸிபாக்ஸின் வரலாறு என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால், அந்தக் கேள்வித்தாள் யார் யார் கைக்குப் போனது என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

கதை தொடங்குவது 1995-ல், ஒரு ஃப்ளாப்பியில். (ஃப்ளாப்பி என்றால் என்னவென்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு: சேமிக்கும் பட்டனில் ஒரு சதுரப் படம் இருக்கிறதல்லவா, அதுதான் :-) ) அதன் கொள்ளளவு 1.44 எம்.பி. அப்போது டெபியன் என்ற லினக்ஸ் வடிவத்தைக் கணினியில் ஏற்ற ஃப்ளாப்பியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். புரூஸ் பெரென்ஸ் என்பவர் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார். பகலில் பிக்ஸார் நிறுவனத்தில் உத்தியோகம். டெபியன் பதிப்புகளுக்கு இன்றுவரை 'டாய் ஸ்டோரி' பொம்மைகளின் பெயர் வைக்கப்படுவதற்குக் காரணம் அந்த பிக்ஸார் தொடர்புதான். 1996 ஜூனில் வந்த 1.1 பதிப்பின் பெயர் பஸ்.

பெரென்ஸுக்கு வேண்டியது ஒரே ஒரு ஃப்ளாப்பி. அதையே போட்டுக் கணினியைக் கிளப்ப வேண்டும், டெபியனை நிறுவ வேண்டும், நாளைக்கு ஹார்ட் டிஸ்க் மக்கர் பண்ணினால் அதே ஃப்ளாப்பியை வைத்து மீட்கவும் வேண்டும். கர்னலே பாதி இடத்தை விழுங்கிவிடும். மீதியில் இத்தனை கருவிகளையும் எப்படி அடைப்பது?

'நவராத்திரி' படத்தில் சிவாஜி 9 வேடம் போட்டார். 9 நடிகர்களுக்குச் சம்பளம் இல்லை, ஒருவருக்குத்தான். பெரென்ஸ் செய்ததும் அதுதான். எல்லாக் கருவிகளையும் ஒரே புரோகிராமுக்குள் எழுதினார். அந்த ஒரே கோப்புக்குப் பல பெயர்களில் இணைப்பு கொடுத்தார். யூனிக்ஸில் ஒரு புரோகிராம் இயங்கத் தொடங்கும்போது, தன்னை எந்தப் பெயரில் கூப்பிட்டார்கள் என்பதை அதனால் பார்க்க முடியும். 'எல்எஸ்' என்று கூப்பிட்டால் பட்டியல் போடும் வேடம், 'சிபி' என்று கூப்பிட்டால் நகலெடுக்கும் வேடம். இந்த ஒவ்வொரு வேடத்துக்கும் ஆப்லெட் என்று பெயர்.

மிச்சம் எங்கிருந்து வருகிறது? தனித்தனிப் புரோகிராம் என்றால் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு தலைப்புப் பகுதி, தொடக்கக் கோட், பிழைச் செய்தி அச்சிடும் பகுதி, கட்டளையோடு வரும் குறிப்புகளைப் படிக்கும் பகுதி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வரும். 50 கருவி என்றால் 50 தடவை. போதாக்குறைக்கு டிஸ்க்கில் ஒவ்வொரு கோப்பும் முழு முழுக் கட்டங்களாகத்தான் இடம் பிடிக்கும். கடைசிக் கட்டத்தில் கொஞ்சம் காலியாகக் கிடந்தாலும் அது வீண்தான். ஒரே கோப்பாக ஆக்கினால் பொதுவான பகுதிகள் ஒரு தடவைதான், வீணாகும் கட்டமும் ஒன்றுதான். காமர்ஸ்காரர்களுக்குப் புரிகிற மொழியில் சொன்னால், 50 கிளைகளுக்கும் தனித்தனியே அலுவலகம் வைக்காமல் ஒரே அலுவலகத்தில் 50 பெயர்ப்பலகை மாட்டியது மாதிரி. மேல்நிலைச் செலவு பகிரப்பட்டுவிடும்.

1996-ல், எடுத்துக்கொண்ட வேலைக்கு இது போதும், முடிந்துவிட்டது என்று பெரென்ஸ் அறிவித்துவிட்டார். அந்தக் கட்டத்தில் கேள்வித்தாள் என்று தனியாக எதுவும் தேவைப்படவில்லை. தயாரிப்பவரும் அவரே, தேர்வு செய்பவரும் அவரே, பொருளும் ஒன்றே ஒன்று. ஃப்ளாப்பிக்கு என்ன வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

அடுத்து வந்தவர்களுக்குத்தான் சிக்கல். டெபியன் பக்கம் என்ரிக் ஸனார்டி கொஞ்ச காலம் பார்த்துக்கொண்டார். இன்னொரு பக்கம் டேவ் சினிஜ் என்பவர் லினக்ஸ் ரவுட்டர் ப்ராஜெக்ட் நடத்திக்கொண்டிருந்தார். பழைய கணினி ஒன்றில் ஒரு ஃப்ளாப்பியைச் செருகினால் அது ரவுட்டராக மாறிவிடும் என்பது அந்த ப்ராஜெக்டின் திட்டம். ஃப்ளாப்பி அதே அளவுதான், ஆனால் தேவை வேறு. டெபியனை நிறுவுவதற்கு வேண்டிய கருவி ரவுட்டருக்கு வேண்டாம், ரவுட்டருக்கு வேண்டியது நிறுவுவதற்கு வேண்டாம். ஆகவே சினிஜ் பிஸிபாக்ஸைத் துண்டு துண்டாகப் பிரித்து, வேண்டிய துண்டுகளை மட்டும் சேர்த்துக் கம்பைல் செய்துகொள்ளும் விதமாக மாற்றினார். தேர்வு என்ற சங்கதி பிஸிபாக்ஸுக்குள் நுழைந்தது இப்படித்தான். (அந்த ப்ராஜெக்ட் பின்னால் நின்றுபோனது. அதன் வாரிசாக லீஃப் என்று ஒன்று வந்தது, லீஃபிலிருந்து 2005 வாக்கில் ஆல்பைன் லினக்ஸ் வந்தது. ஆல்பைன் இன்றும் பிஸிபாக்ஸின் மேல்தான் நிற்கிறது.)

1999 கடைசியில் எரிக் ஆண்டர்சன் பொறுப்பை எடுத்துக்கொண்டார். லினியோ என்ற நிறுவனத்தில் இருந்தவர். சின்னச் சாதனங்களுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுப்பது அதன் தொழில். பிஸிபாக்ஸ் ஃப்ளாப்பியிலிருந்து இறங்கிச் சாதனங்களுக்குள் குடியேறியது இவர் காலத்தில்தான். கூடவே இவர் முன்னின்று வளர்த்த யூசி-லிப்சி என்ற சின்ன சி நூலகமும் சேர்ந்துகொண்டது. பிஸிபாக்ஸை எவ்வளவு சுருக்கினாலும் அது சாய்ந்து நிற்கும் நூலகம் பெரிதாக இருந்தால் சுருக்கியதற்கே அர்த்தம் இல்லை அல்லவா?

அப்போது கேள்வித்தாள் ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பாக இருந்தது. ஒரு வரிக்கு ஓர் ஆப்லெட். வரிக்கு முன்னால் இரண்டு சாய்கோடு போட்டால் அது வெளியே, எடுத்தால் உள்ளே. ஆப்லெட்டுகள் கொஞ்சமாக இருக்கும்வரை இது சரிப்பட்டது. பெருகப் பெருக, எதை எடுத்தால் எது உடையும் என்று தெரியாத நிலை. 2002 அக்டோபரில் லினக்ஸ் கர்னலுக்கு ரோமன் ஸிப்பல் எழுதிய ஒரு புதிய மெனு முறை கிடைத்தது. ஒன்றைத் தேர்ந்தால் அதற்குத் துணை வேண்டியவை தானாகச் சேரும், தேவையில்லாத கேள்விகள் கண்ணுக்கே தெரியாது, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு விளக்கக் குறிப்பு. பிஸிபாக்ஸ் அதை அப்படியே தனக்கு எடுத்துக்கொண்டது. 2004 அக்டோபரில் 1.00 பதிப்பு வெளியானபோது கேள்வித்தாள் நீல நிறத் திரையாக மாறியிருந்தது. அம்புக்குறியால் மேலும் கீழும் போகலாம், ஸ்பேஸ் பாரைத் தட்டினால் நட்சத்திரக் குறி விழும். முடித்துச் சேமித்தால் பதில்கள் எல்லாம் 'டாட் கான்ஃபிக்' என்ற ஒரே கோப்பில் வந்து உட்காரும்.

அந்தத் திரையில் என்னதான் கேட்கிறார்கள்? கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம், சுவாரசியமே அங்கேதான் இருக்கிறது.

முதலில் எங்கிருந்து ஆரம்பிப்பது என்பதே ஒரு முடிவு. இரண்டு வழி உண்டு. ஒன்று, 'டெஃப்கான்ஃபிக்'. நியாயமான எல்லாவற்றுக்கும் 'வேண்டும்' என்று முன்கூட்டியே பதில் எழுதப்பட்ட தாள். அதிலிருந்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போகலாம். இன்னொன்று 'ஆல்நோகான்ஃபிக்'. எல்லாவற்றுக்கும் 'வேண்டாம்', தேவைப்படுவதை மட்டும் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். பட்ஜெட் பாடம் படித்தவர்களுக்கு இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். போன வருடக் கணக்கை எடுத்து அங்கே இங்கே கூட்டிக் குறைப்பது ஒரு முறை. ஒவ்வொரு செலவும் பூஜ்யத்திலிருந்து தன்னை நியாயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது இன்னொரு முறை. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸில் இருந்த பீட்டர் பிர் 1970-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிப் பிரபலமாக்கிய பூஜ்ய அடிப்படை பட்ஜெட் அதுதான். அந்த முறையின் நல்லதும் கெட்டதும் இங்கேயும் உண்டு. பூஜ்யத்திலிருந்து கட்டினால் தேவையற்றது எதுவும் ஒட்டாது. ஆனால் ஏதோ ஒரு ஸ்கிரிப்டின் நடுவில் வரும் ஒரு சின்னக் கருவியை மறந்திருந்தால், பெட்டி வாடிக்கையாளர் வீட்டில் இயங்கும்போதுதான் அது தெரியும். முழுத்தாளிலிருந்து குறைத்தால் உடையாது. ஆனால் "இருந்துவிட்டுப் போகட்டுமே" என்று விட்டவை ஏராளமாகத் தங்கிவிடும். நிறுவனங்கள் எந்த முறையை அதிகம் விரும்பும் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

அடுத்து ஷெல். பிஸிபாக்ஸின் ஆரம்ப நாட்களில் லாஷ், எம்-எஸ்-ஹெச், ஹஷ், ஆஷ் என்று 4 இருந்தன. லாஷ் மிகச் சிறியது, ஆனால் ஸ்கிரிப்ட் எழுத உதவாது. ஆஷ் பெரியது, முழுமையானது. இன்று ஆஷும் ஹஷும்தான் மிஞ்சியிருக்கின்றன. கொஞ்ச வருடங்களாக மெனுவில் ஒவ்வொரு ஆப்லெட்டின் பெயர் பக்கத்திலேயே அதன் தோராய எடையும் போட்டிருக்கிறார்கள், ஹோட்டல் மெனுவில் விலை போடுவது மாதிரி. ஆஷ் சுமார் 80 கே.பி., விஐ எடிட்டர் 23 கே.பி. அளவு. 'ட்ரூ' என்ற ஆப்லெட்டுக்கு எண் எதுவும் இல்லை, 'துளியூண்டு' என்ற பொருளில் ஒரு சொல் மட்டும். எதுவுமே செய்யாமல் 'சரி' என்று சொல்லிவிட்டுப் போவதுதான் அதன் வேலை, எடை எங்கிருந்து வரும்!

ஆப்லெட்டைச் சேர்த்தாலும் வேலை முடியாது. அதற்குள்ளும் கேள்விகள். டேப் விசையைத் தட்டினால் பெயர் பூர்த்தியாக வேண்டுமா? உதவிச் செய்தி காட்ட வேண்டுமா? காட்டுவதாக இருந்தால் சுருக்கமாகவா, விரிவாகவா? விரிவானது என்றால் அதைச் சுருக்கிக் கட்டி வைத்துக் கேட்கும்போது மட்டும் பிரித்துக் காட்டலாமா? எம்டி5 கணக்குக்கு 0 முதல் 3 வரை ஓர் எண் தர வேண்டும். 0 என்றால் வேகம், 3 என்றால் சிக்கனம். இடமும் வேகமும் எதிரெதிர் தட்டில் இருப்பதை இவ்வளவு பச்சையாகக் கேட்கும் மென்பொருள் அதிகம் இருக்காது.

சில கேள்விகள் பார்க்கச் சாதாரணமாக இருந்து பின்னால் கடிக்கும். பெரிய கோப்பு ஆதரவு வேண்டுமா என்று ஒன்று. 'வேண்டாம்' என்றால் கொஞ்சம் மிச்சம்தான். ஆனால் 32 பிட் சாதனத்தில் 2 ஜி.பி.க்கு மேற்பட்ட கோப்பைத் தொட முடியாது. ரவுட்டருக்குக் கவலையில்லை, வீடியோ பதிவுப் பெட்டிக்கு அது தலைபோகிற விஷயம். நூலகத்தைப் புரோகிராமுக்குள்ளேயே கரைத்துவிடலாமா, தனியே வைக்கலாமா என்று இன்னொன்று. கரைத்துவிட்டால் வேறு எதுவும் இல்லாத இடத்திலும் ஓடும். மீட்பு ஃப்ளாப்பிக்கு அதுதான் சரி. மற்ற புரோகிராம்களும் அதே நூலகத்தைப் பயன்படுத்தும் பெட்டியில் தனியே வைப்பதுதான் லாபம்.

ஒரே கோப்பு என்ற தந்திரத்துக்கே உரிய ஒரு வில்லங்கமும் உண்டு. கடவுச்சொல் மாற்றும் கருவிக்கு நிர்வாகி அதிகாரம் வேண்டும். அதிகாரத்தைக் கோப்புக்குத்தான் கொடுக்க முடியும். இங்கேயோ எல்லாம் ஒரே கோப்பு! ஒருவருக்குக் கொடுத்த சாவி எல்லா வேடத்துக்கும் போய்விடுகிறது. அதிகாரம் தேவைப்படாத ஆப்லெட்டாகக் கூப்பிடப்பட்டால் தானே சாவியைக் கீழே வைத்துவிடும்படி பிஸிபாக்ஸில் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அந்த ஏற்பாடும் மெனுவில் ஒரு வரிதான்.

2002 டிசம்பரில் லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யுஆர்டி54ஜி என்ற வயர்லெஸ் ரவுட்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 4 எம்.பி. ஃப்ளாஷ், 16 எம்.பி. நினைவகம். உள்ளே லினக்ஸ், பிஸிபாக்ஸ். ஆனால் பெட்டியோடு சோர்ஸ் கோட் வரவில்லை. 2003-ல் இதை லினக்ஸ் ஆட்கள் கண்டுபிடித்துக் கேள்வி கேட்டார்கள். இந்த நேரத்தில் லிங்க்சிஸை சிஸ்கோ வாங்கியிருந்தது. லிங்க்சிஸ் சிப்பை பிராட்காமிடம் வாங்கியிருந்தது, பிராட்காம் மென்பொருள் வேலையைத் தைவானின் சைபர்டானிடம் கொடுத்திருந்தது. ஆக, பெயர்ப்பலகைக்கு உரியவர் கேள்வித்தாளைப் பார்த்தாரா என்பதே சந்தேகம். கடைசியில் சோர்ஸ் வெளியானது. அதை வைத்து 2004-ல் ஓபன்டபிள்யுஆர்டி பிறந்தது. தொழிற்சாலையில் யாரோ எழுதிய பதில்களை அழித்துவிட்டு, வீட்டில் இருப்பவரே தன் பெட்டிக்குப் பதில் எழுதலாம் என்ற நிலை வந்தது. 2005 கடைசியில் வந்த அதே ரவுட்டரின் 5-வது பதிப்பில் ஃப்ளாஷ் 2 எம்.பி., நினைவகம் 8 எம்.பி. என்று பாதியாகக் குறைந்தது. லினக்ஸையும் எடுத்துவிட்டு விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற வேறு இயங்குதளத்தைப் போட்டார்கள். லட்சக்கணக்கில் விற்கும் பொருளில் சிப்பைப் பாதியாக்கினால் கணக்குப் புத்தகத்தில் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. லினக்ஸ் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர்களுக்காக டபிள்யுஆர்டி54ஜிஎல் என்று தனியாக ஒன்றையும் விற்றார்கள்.

பிஸிபாக்ஸின் உரிமம் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு. பொருளோடு மென்பொருளைக் கொடுத்தால் சோர்ஸையும் கொடுக்க வேண்டும். சோர்ஸ் என்றால் எது என்பதற்கும் அந்த உரிமம் விளக்கம் தருகிறது: கம்பைல் செய்வதையும் நிறுவுவதையும் கட்டுப்படுத்தும் ஸ்கிரிப்டுகளும் அதில் அடக்கம். வலையில் எல்லோருக்கும் கிடைக்கும் பிஸிபாக்ஸ் சோர்ஸை "இதோ, எடுத்துக்கொள்" என்று காட்டினால் போதாது. இந்தப் பெட்டிக்கு எந்தப் பதிப்பு, என்ன மாற்றம், கேள்வித்தாளில் என்ன பதில் என்பது தெரிந்தால்தான் அதே புரோகிராமைத் திரும்ப உருவாக்க முடியும். டாட் கான்ஃபிக் கோப்பும் வேண்டும் என்று பிஸிபாக்ஸ் ஆட்கள் கேட்டதன் நியாயம் இதுதான்.

ஆண்டர்சன் முதலில் அவமானப் பட்டியல் ஒன்றைத் தன் தளத்தில் போட்டுப் பார்த்தார். உரிமத்தை மதிக்காத நிறுவனங்களின் பெயர் அதில் வரும். பெரிதாகப் பயன் இல்லை. 2007 செப்டம்பரில் ஆண்டர்சனும் ராப் லாண்ட்லியும் நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவர்கள் சார்பில் வழக்குப் போட்டது சாஃப்ட்வேர் ஃப்ரீடம் லா சென்டர், எதிர்த்தரப்பு மான்சூன் மல்டிமீடியா. ஜிபிஎல் உரிமத்தை நிலைநாட்ட அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட முதல் வழக்கு என்று இதைச் சொல்கிறார்கள். அடுத்த மாதமே சமரசம். அந்த ஆண்டு டிசம்பரில் வெரைஸன் மேல் வழக்கு, அதுவும் சமரசம். 2009 டிசம்பரில் பெஸ்ட் பை, சாம்சங் உட்பட 14 நிறுவனங்கள் மேல் ஒரே மூச்சில் வழக்கு. அதில் வழக்கை நடத்தாமல் விலகிக்கொண்ட வெஸ்டிங்ஹவுஸ் டிஜிட்டலுக்கு எதிராக 2010-ல் தீர்ப்பு வந்தது: 90,000 டாலர் இழப்பீடு, போதாததற்கு மீறலுக்கு உள்ளான டிவி பெட்டிகளையும் ஒப்படைக்க வேண்டும்.

இது வெற்றியா? இங்கேதான் கதை கசக்கிறது. முதல் ஆசிரியரான தன்னைக் கேட்காமலே வழக்குப் போட்டார்கள் என்று பெரென்ஸ் 2009-ல் பகிரங்கமாகக் குறைப்பட்டார். லாண்ட்லியோ நேர் எதிர்த் திசைக்குப் போய்விட்டார். இத்தனை வழக்குகளாலும் பிஸிபாக்ஸில் சேர்க்கத் தகுந்த கோட் ஒரு வரிகூட வந்து சேரவில்லை என்று பின்னாளில் எழுதினார். நிறுவனங்கள் சோர்ஸை நல்லபடியாகக் கொடுக்கப் பழகும் என்று எதிர்பார்த்தால், அவை பிஸிபாக்ஸையே தவிர்க்கப் பழகின. லாண்ட்லி தனியே ஆரம்பித்திருந்த டாய்பாக்ஸை, கிட்டத்தட்ட எந்த நிபந்தனையும் இல்லாத உரிமத்தில் மறுபடி கையில் எடுத்தார். 2015-ல் ஆண்ட்ராய்டு 6.0 வந்தபோது கூகுள் உள்ளே வைத்தது டாய்பாக்ஸைத்தான். இன்று உலகத்தில் கோடிக்கணக்கான போன்களில் அதே ஒரு நடிகர் பல வேடம் என்ற தந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் சோர்ஸைக் கேட்கும் உரிமை அதோடு வருவதில்லை. லாண்ட்லியின் கணக்கு தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் ஓபன்டபிள்யுஆர்டி பிறந்தது 'சோர்ஸைக் கொடு' என்று கேட்கும் உரிமை இருந்ததால்தான் என்பதையும் அந்தக் கணக்கில் எழுத வேண்டும்.

இந்தச் சண்டையெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது பெட்டிகள் பெருகிக்கொண்டே இருந்தன. கேமரா, வீடியோ பதிவுப் பெட்டி, ரவுட்டர். பலவற்றில் டெல்நெட் சேவை திறந்து கிடந்தது. கடவுச்சொல் தொழிற்சாலையில் வைத்ததேதான். டெல்நெட்டும் கேள்வித்தாளில் ஒரு வரி. சோதனை செய்யும்போது பொறியாளருக்கு வசதி, பிறகு யாரும் திரும்பிப் போய் 'வேண்டாம்' என்று மாற்றவில்லை.

2016-ல் மிராய் வந்தது. சுமார் 60 பயனர்பெயர்-கடவுச்சொல் ஜோடிகளை வைத்துக்கொண்டு இணையம் முழுக்கக் கதவைத் தட்டிக்கொண்டே போகும் நிரல். கதவு திறந்தால் அது முதலில் செய்யும் காரியங்களில் ஒன்று, பிஸிபாக்ஸைக் கூப்பிட்டு 'மிராய்' என்ற ஆப்லெட்டைக் கேட்பது. அப்படி ஓர் ஆப்லெட் உலகத்திலேயே கிடையாது. பிஸிபாக்ஸ் ஒழுங்குப் பிள்ளையாக "மிராய்: அப்படி ஓர் ஆப்லெட் இல்லை" என்ற பொருளில் பதில் சொல்லும். அவ்வளவுதான், உள்ளே நிஜமான ஷெல் கிடைத்துவிட்டது என்று மிராய்க்கு உறுதி. அடுத்து, தன்னை உள்ளே இறக்க 'டபிள்யுகெட்' இருக்கிறதா, 'டிஎஃப்டிபி' இருக்கிறதா என்று பார்க்கும். ஏதாவது ஒன்றுக்கு நட்சத்திரக் குறி விழுந்திருந்தால் அதை வைத்தே இறக்கிக்கொள்ளும். இரண்டும் இல்லையென்றால்? திரையில் எழுத்து அச்சிடும் 'எக்கோ' கட்டளையை வைத்துத் துண்டு துண்டாகத் தன்னையே கோப்பில் எழுதிக்கொள்ளும்! பட்டியலைக் கறாராகச் சுருக்கிய பெட்டியும் தப்பவில்லை, டெல்நெட் வரி ஒன்று திறந்திருந்ததால். 2016 செப்டம்பரில் பாதுகாப்புச் செய்தியாளர் பிரையன் கிரெப்ஸின் தளத்தின் மேல் விநாடிக்கு 620 ஜிகாபிட் வேகத்தில் தாக்குதல் நடந்தது. அக்டோபர் 21 அன்று டின் என்ற நிறுவனம் தாக்கப்பட்டு, ட்விட்டர் உட்படப் பல பெரிய தளங்கள் அமெரிக்காவில் மணிக்கணக்கில் முடங்கின. தாக்கியவை யாரோ வீட்டு வாசலில் மாட்டிய கேமராக்கள். கேமராவின் சொந்தக்காரருக்கு டெல்நெட் என்று ஒன்று உண்டென்பதே தெரியாது.

2021 நவம்பரில் ஜேஃப்ராக், கிளாரோட்டி என்ற இரண்டு நிறுவனங்களின் ஆய்வாளர்கள் பிஸிபாக்ஸில் 14 பாதுகாப்புக் குறைகளை வெளியிட்டார்கள். அதற்கு முன்பே, ஆகஸ்டில் வந்த 1.34.0 பதிப்பில் அவை சரிசெய்யப்பட்டிருந்தன. 14-ல் 9 குறைகள் 'ஆக்' என்ற ஒரே ஆப்லெட்டில். ஆக் வேண்டாம் என்று பதில் எழுதியவரின் பெட்டியில் அந்த 9-ம் இல்லை, புதுப்பிக்காவிட்டாலும் இல்லை. 'இருந்துவிட்டுப் போகட்டும்' என்று விட்டவர் பெட்டியில் 9-ம் உண்டு. அதே பெட்டிக்குப் புதிய பதிப்பு எப்போதாவது வருமா என்பது தயாரிப்பாளர் இன்னும் தொழிலில் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது. 1995-ல் இடத்தை மிச்சம் பிடிக்க வந்த கேள்விக்கு இப்படி இரண்டாவது வேலையும் சேர்ந்துகொண்டது.

இடப் பிரச்சினை இன்று பலருக்கு ஒரு பிரச்சினையே இல்லை. முழுத்தாளையும் வைத்துக் கட்டினால்கூட 300-க்கு மேற்பட்ட ஆப்லெட்டுகளோடு 1 எம்.பி. சுற்றளவில்தான் வரும், சில ஜி.பி. ஃப்ளாஷ் உள்ள பெட்டியில் அது தூசு. ஆனாலும் 2006 கடைசியிலிருந்து பொறுப்பேற்றிருக்கும் டெனிஸ் விளாசென்கோ பைட் எண்ணுவதை விடவில்லை. மாற்றம் ஒன்றைச் சேர்க்கும்போது எந்த ஃபங்ஷன் எத்தனை பைட் கூடியது, எத்தனை குறைந்தது, மொத்தம் எவ்வளவு என்று பற்று வரவு மாதிரி ஓர் அட்டவணை குறிப்பிலேயே வந்துவிடும். 12 பைட் குறைந்தால் அதுவும் எழுதப்படும். மளிகைக் கடைக்காரர் தோற்றுப்போவார் :-)

அந்த நீளமான மெனுவில் 'பிபி-கான்ஃபிக்' என்று ஓர் ஆப்லெட் இருக்கிறது. பெட்டிக்குள் இருந்துகொண்டு அதைக் கூப்பிட்டால், இந்த பிஸிபாக்ஸ் எந்தப் பதில்களோடு கட்டப்பட்டதோ அந்தக் கேள்வித்தாள் முழுவதையும் அப்படியே அச்சிட்டுக் காட்டும். எடை 10 கே.பி.க்கும் கொஞ்சம் குறைவு. அதைச் சேர்க்க வேண்டுமா என்பதும் மெனுவில் ஒரு கேள்வி. அதற்கு முன்கூட்டியே எழுதிவைத்திருக்கும் பதில் 'வேண்டாம்'.